கார் மோதி சைக்கிள் சேதம், இழப்பீடு எப்படிக் கேக்கறது? அவசரம்

கதிர்விளக்கு:
வணக்கம் நண்பர்களே. நேத்து சாயங்காலம் ஒரு கார் என் சைக்கிள் மேல மோதிடுச்சு. எனக்கு ஒண்ணும் பெருசா இல்ல, முட்டியில சிராய்ப்பு மட்டும்தான். முன்சக்கரம் கோணிப் போச்சு, ஹேண்டில் ஒரு பக்கமா திரும்பிக்கிச்சு. காரை ஓட்டினவர் தன்மையாத்தான் பேசினார். இப்ப போன் பண்ணி, "சக்கரத்துக்கு ஆகுற காசைக் குடுத்துடறேன், ஒரு பேப்பர்ல கையெழுத்து மட்டும் போட்டுடுங்க, இத்தோட முடிச்சுக்குவோம்"னு சொல்றார். ராத்திரி நேர்ல வர்றாராம். வாங்கிக்கலாமா? எவ்வளவு கேக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்க.

பெடல்பாண்டி:
எந்த நாடு? என்ன சைக்கிள்? ஃப்ரேம் இரும்பா, அலுமினியமா, கார்பனா? கார் எந்தப் பக்கத்துல இருந்து வந்துச்சு? போட்டோ இருக்கா? போலீஸ்ல சொன்னீங்களா? இது எதுவும் சொல்லாம எவ்வளவுன்னு கேட்டா யார் என்னத்தைச் சொல்றது?

நாலுமுக்கு:
ப்ரோ, கைக்கு வர்ற காசை வாங்கிக்குங்க. இன்சூரன்ஸ்னு போனா இழுத்தடிச்சே ஓய வச்சிடுவாங்க. சக்கரம், பெண்டு எடுக்குற கூலி, சைக்கிளைத் தூக்கிட்டுப் போற வண்டிச் செலவு, எல்லாத்தையும் கூட்டி ஒரு தொகை சொல்லுங்க. பேசுற ஆள் தன்மையா இருக்குறப்பவே முடிச்சாத்தான் உண்டு.

மழைத்துளி:
தம்பியோ தங்கச்சியோ தெரியல, ராத்திரி அவர் வந்தா காசைப் பத்தி அப்புறம் பேசலாம், கையெழுத்து மட்டும் போடாதீங்க. "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்னு அதுல ஒரு வரி கட்டாயம் இருக்கும். நாளைக்கே கழுத்து பிடிச்சுக்கிட்டாலும், ஃப்ரேம் விரிஞ்சிருக்குன்னு தெரிஞ்சாலும் அந்த ஒரு வரி குறுக்க நிக்கும். அடிபட்ட அன்னைக்கு வலி தெரியாது. ஒருதடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க. அவர் எழுதிக் குடுக்குற சீட்டும் பின்னாடி உதவும்.

ஃப்ரேம்வைத்தியர்:
சக்கரம் கோணிச்சுன்னா அந்த அடி அதோட நின்னிருக்காது. முன்பக்கம் மோதினா விசை முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்குற ஃபோர்க் வழியா நேரா ஃப்ரேமோட முன்குழாயான ஹெட் ட்யூபுக்குத்தான் போகும். நல்ல வெளிச்சத்துல சைக்கிளைத் தலைகீழா வச்சு, ஹெட் ட்யூபுக்குப் பின்னாடி, பெடல் பக்கம் இறங்குற கீழ்க்குழாயோட அடிப்பக்கத்தை விரலால தடவிப் பாருங்க. பெயின்ட் சுருங்கி மெல்லிசா ஒரு மடிப்பு தட்டுப்பட்டா ஃப்ரேம் போச்சுன்னு வச்சுக்கலாம். மேல்குழாயோட அடியிலயும் பாருங்க. ஹேண்டிலை மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புறப்ப ஒரே இடத்துல இறுகுதா? ஃபோர்க் தண்டு வளைஞ்சிருக்கலாம். பின்சக்கர அச்சு உட்கார்ற கவ்வுல ஒரு நூலைக் கட்டி, முன்னாடி ஹெட் ட்யூபைச் சுத்தி மறுபக்கக் கவ்வு வரைக்கும் இழுத்துக் கட்டுங்க. சீட் குழாய்க்கும் நூலுக்கும் நடுவுல உள்ள இடைவெளி ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும்.

இரும்பா இருந்தா நல்ல மெக்கானிக் நிமித்திடுவார். அலுமினியத்தை நிமித்தக் கூடாது, அந்த இடத்துலயே பின்னாடி விட்டுப்போகும். கார்பன்னா வெளியில எதுவும் தெரியாமலே உள்ளுக்குள்ள அடுக்கு பிரிஞ்சிருக்கும். அதுக்குத் தனியா ஸ்கேன் பண்றவங்க இருக்காங்க, அந்தச் செலவையும் கிளெய்ம்ல சேர்க்கலாம்.

கதிர்விளக்கு:
அலுமினியம். பக்கத்துத் தெருவுல இருந்து வந்த கார் நிக்காம மெயின் ரோட்டுல திரும்பிடுச்சு, நான் நேரா போய்க்கிட்டிருந்தேன். போட்டோ ரெண்டு மூணு எடுத்திருக்கேன். போலீஸுக்குப் போகல.

பெடல்பாண்டி:
நாடு?

சட்டப்புள்ளி:
இதே கேள்வி இங்க எத்தனை தடவை வந்தாச்சு. பழைய இழைகளைத் தேடிப் படிக்கிற பழக்கமே யாருக்கும் இல்ல. சரி, இன்னொரு தடவை எழுதறேன், பொறுமையாப் படிங்க.

பணம் தரவேண்டிய பொறுப்பு ஓட்டினவரோடது. அவர் சார்பா தர்றது காரோட மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், அதாவது அந்தக் காரால அடுத்தவங்களுக்கு ஆகுற நட்டத்துக்கானது. அதனால அவர்கிட்ட முதல்ல கேக்க வேண்டியது காசு இல்ல. கார் நம்பர், பாலிசி நம்பர், கம்பெனி பேர் மூணையும் வாங்குங்க. போலீஸ்ல ஒரு பதிவு போடுங்க. நாளைக்கு அவர் "நான் அங்க வரவே இல்ல"ன்னு சொன்னா கையில ஒரு தாள் இருக்கணும். மோதின இடத்துக்கிட்ட இருக்குற கடைகள்ல கேமரா இருந்தா இன்னைக்கே போய்க் கேளுங்க, பழைய பதிவு தானா அழிஞ்சிடும். கடையில எழுத்துல எஸ்டிமேட் வாங்குங்க. ஒவ்வொரு பாகமும் கூலியும் தனித்தனி வரியா இருக்கணும், ஃப்ரேம் நம்பரும் அதுல இருக்கணும். இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் வந்து சேதத்தைப் பார்க்குற வரைக்கும் ரிப்பேர் பண்ணாதீங்க, உடைஞ்ச சக்கரத்தைத் தூக்கிப் போடாதீங்க. பில் தொலைஞ்சு போயிருந்தா பேங்க் ஸ்டேட்மென்ட்டும் பழைய போட்டோவும் போதும்.

தேய்மானம்னு சொல்லிக் குறைப்பாங்க. டயர், செயின், பிரேக் கட்டை தேயுற பொருள், அதுல குறைச்சா ஒத்துக்கலாம். ஃபோர்க்கும் ஃப்ரேமும் அப்படித் தேயாது. அதே நிலையில இருக்குற பழைய ஃபோர்க்கை எங்க போய் வாங்குறதுன்னு எழுத்துல கேளுங்க.

யாழ்ப்பெடல்:
தம்பி, நீங்கள் எந்த நாடு எண்டு இன்னும் சொல்லேல்ல. நான் இருக்கிறது நெதர்லாந்து. இங்க 1994ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தில 185ஆம் பிரிவு எண்டு ஒண்டு இருக்கு. கார் சைக்கிளோட மோதினா பொறுப்பு கார்க்காரருக்குத்தான், தவிர்க்கவே முடியாத சந்தர்ப்பம் எண்டு அவர்தான் காட்ட வேணும். 14 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையெண்டா அநேகமா முழு நட்டமும் அவரின்ர காப்புறுதிதான். பெரியாக்களுக்கும் பாதியாவது கிடைக்கும். எல்லா நாடும் இப்பிடித்தான் வைக்க வேணும்.

நாலுமுக்கு:
அதேதான். கார்னா கார்க்காரன் தப்புதான், வேற பேச்சே இல்ல.

சட்டப்புள்ளி:
உணர்ச்சிவசப்பட்டுப் பொதுவாச் சொல்லக் கூடாது. பிரான்ஸ்ல 1985 சாலை விபத்துச் சட்டம் சைக்கிள்காரரோட உடம்புக் காயத்துக்குப் பெரிய பாதுகாப்பு குடுக்குது. பொருள் சேதம்னு வந்தா நிலைமை வேற. சைக்கிள்காரரோட தப்பு இருந்தா தொகை குறையும், இல்லாமலும் போகலாம். கேள்வியே சைக்கிள் சேதத்தைப் பத்திங்கறதால இது முக்கியம். இந்தியாவுல 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல இழப்பீட்டுத் தீர்ப்பாயம் மூன்றாம் நபரோட சொத்துச் சேதத்தையும் விசாரிக்கலாம், ஆனா ஓட்டினவரோட கவனக்குறைவை நாமதான் காட்டணும். லைட் எரிஞ்சுதா, எதிர்த் திசையில வந்தாரான்னு சைக்கிள்காரரையும் கேப்பாங்க.

யாழ்ப்பெடல்:
அதைத்தான் நானும் சொல்லுறன். ஒரு தொன்னுக்கு மேல நிறையுள்ள வாகனத்தைக் கொண்டு வாறவருக்குப் பொறுப்பு கூட இருக்க வேணும். அடிபட்டவர் ஏன் நிரூபிச்சுக்கொண்டு திரிய வேணும்?

மழைத்துளி:
ஐயா, உங்க ரெண்டு பேர் வாதமும் நல்ல வாதம்தான். கேட்டவருக்கு இன்னைக்கு ராத்திரி ஆள் வர்றார், அதைப் பாருங்க. ஹெல்மெட் போட்டிருந்தீங்களா? தரையில இடிச்சுதா?

நாலுமுக்கு:
ஹெல்மெட் போடலைன்னா கிளெய்மே கிடையாதுங்க.

ஃப்ரேம்வைத்தியர்:
ஹெல்மெட்டுக்கும் சக்கரத்துக்கும் என்ன சம்பந்தம்? தலைக்காயம்னா அந்தப் பேச்சு எழலாம். ரிம் வளைஞ்சதுக்கு அதைக் காரணம் காட்ட முடியாது. போட்டிருந்து இடிபட்டிருந்தா அந்த ஹெல்மெட்டையும் லிஸ்ட்ல எழுதுங்க. உள்ள இருக்குற நுரை ஒரே தடவை நசுங்குறதுக்குத்தான் செஞ்சது, நசுங்கினா திரும்ப எழும்பாது. மேல் ஓடு பளபளன்னு இருந்தாலும் அதை மறுபடி மாட்டாதீங்க.

பெடல்பாண்டி:
வேலைக்குப் போக இந்தச் சைக்கிள்தான்னா, அது கடையில கிடக்குற நாளுக்குப் பஸ் டிக்கெட்டையும் எடுத்து வைங்க. எல்லா இடத்துலயும் ஒத்துக்க மாட்டாங்க, ஆனா கேக்காம விட்டா கண்டிப்பா வராது.

கதிர்விளக்கு:
எல்லாருக்கும் நன்றி. கையெழுத்துப் போடல. பாலிசி விவரம் குடுத்துட்டார். கடையில பார்த்துட்டு கீழ்க்குழாய் அடியில மடிப்பு இருக்கு, ஃபோர்க்கும் வளைஞ்சிருக்குன்னு எழுதிக் குடுத்தாங்க. சர்வேயர் வந்து போட்டோ எடுத்துட்டுப் போயிருக்கார். அந்த மாடல் இப்ப வர்றது இல்லையாம். அப்புறம் வர்றேன்.

சட்டப்புள்ளி:
மாடல் இல்லைன்னா அதே தரத்துல இப்ப விக்கிற மாடலோட விலையைக் கடைக்காரர்கிட்ட எழுதி வாங்கி அனுப்புங்க. முதல்ல அவங்க சொல்ற தொகைக்கு உடனே சரின்னு சொல்லாதீங்க. எப்படிக் கணக்குப் போட்டாங்கன்னு எழுத்துல கேட்டுட்டு அப்புறம் பதில் குடுங்க.

ஃப்ரேம்வைத்தியர்:
முடிவு எழுத்துல வர்ற வரைக்கும் பழைய ஃப்ரேமைக் கடையில விட்டுட்டு வராதீங்க. பணம் வந்த பிறகு அதை யாருக்கும் விக்கவும் வேண்டாம், சும்மாவும் குடுக்க வேண்டாம். வெட்டி இரும்புக்கடையில போட்டுடுங்க. மேல பெயின்ட் அடிச்சு யாராவது ஓட்டக் கிளம்பினா, ஹெட் ட்யூப் தனியா கழண்டு வர்றப்பதான் தெரியும்.