கவிதையையும் ஓவியத்தையும் சேர்த்துப் படிப்பது எப்படி? உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். ரொமாண்டிக் காலக் (18ஆம் நூற்றாண்டின் இறுதி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்) கவிதையையும் ஓவியத்தையும் இணைத்து ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

நான் எடுத்திருப்பது ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் பீல் கோட்டை ஓவியத்தைப் பற்றி எழுதிய இரங்கற்பா. அவருடைய தம்பி ஜான், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலின் கேப்டன். 1805 பிப்ரவரியில் அந்தக் கப்பல் மூழ்கி இறந்துபோனார். பிறகு, நண்பர் ஜார்ஜ் போமான்ட் வரைந்த, புயலில் நிற்கும் அந்தக் கோட்டையைப் பார்த்துத்தான் இந்தக் கவிதை பிறந்தது. முன்பு நானே வரைந்திருந்தால் அமைதியான கடலைத்தான் வரைந்திருப்பேன், இப்போது இந்தப் புயல்தான் சரி என்கிறார் கவிஞர். படிக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

கவிதையை அலசத் தெரிகிறது. ஓவியத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் "இருண்ட வானம், சீறும் அலை" என்பதற்கு மேல் நகர முடியவில்லை. ஒளி, தூரிகை வீச்சு, கண் பயணிக்கும் வழி இவற்றையெல்லாம் எந்த வரிசையில் கவனிக்க வேண்டும்? ஓவியம் பயின்றவர்கள் சொல்லித் தாருங்கள்.

இன்னொன்று. 1812இல் ஆங்கில ஓவியர் டர்னர், பண்டைய கார்த்தேஜ் தளபதி ஹானிபாலின் படை ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும்போது வீசும் பனிப்புயலைக் காட்டும் ஓவியத்தைத் தாமே எழுதிய கவிதை வரிகளோடு காட்சிக்கு வைத்தார். அதையும் சேர்க்க ஆசை. ஒரே கட்டுரை இரண்டையும் தாங்குமா, அல்லது போமான்டோடு நிறுத்திக்கொள்வது நல்லதா? இதுபோல ஒப்பிட்டு எழுதியவர்கள் கட்டாயம் பதில் சொல்லுங்கள்.