சிறுநீரில் புரதம்: மீன் உணவுதான் காரணமா?

கேள்வி (கீழக்கரை): வாப்பாவுக்குச் சிறுநீரில் புரதம் போவதாகப் பரிசோதனையில் தெரியவந்துள்ளது. நாள்தோறும் மீன் உண்பதே காரணம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். உண்ட புரதம் அப்படியே சிறுநீரில் இறங்குமா?

பதில் (இராமேசுவரம்): இறங்காது. மீனின் புரதம் குடலிலேயே அமினோ அமிலங்களாகச் சிதைந்துவிடுகிறது. சிறுநீரில் மிகுந்து காணப்படுவது பெரும்பாலும் கல்லீரல் உருவாக்கி இரத்தத்தில் விடும் அல்புமின் என்ற புரதம் ஆகும். சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டும்போது அமினோ அமிலங்களும் தடையின்றி வடிந்துவிடுகின்றன. ஆனால் வடிந்த நீர் செல்லும் நுண்குழல்களின் தொடக்கப் பகுதியிலுள்ள செல்கள், சோடியத்தின் துணையோடு, அவற்றில் 95 விழுக்காட்டுக்கும் மேலானவற்றை இரத்தத்துக்கே மீட்டுத் தருகின்றன. வடிகட்டியைக் கடந்துவிடும் சிறிதளவு அல்புமினையும் அதே செல்கள் உள்ளிழுத்துச் சிதைக்கின்றன. ஆகவே அல்புமின் தொடர்ந்து மிகுந்தால் வடிகட்டியிலோ நுண்குழலிலோ பழுது இருக்கலாம். நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இருக்கின்றனவா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

பதில் (தொண்டி): மேலே சொன்னது சரியே, எனினும் அளவு முக்கியம். அமினோ அமிலங்களின் நைட்ரஜன் யூரியாவாக மாறிச் சிறுநீரகத்தின் வழியே வெளியேற வேண்டியிருப்பதோடு, மிகைப் புரதம் வடிகட்டிக்குள் அழுத்தத்தையும் கூட்டுகிறது. சிறுநீரக நோய் முற்றியிருந்தும் டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்ற அளவு பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவை. நம் பக்கத்தில் மீனைவிடக் கருவாட்டின் உப்பே எனக்குக் கவலை தருகிறது.

பதில் (மண்டபம்): காய்ச்சலோ கடும் உழைப்போ இருந்தாலும் தற்காலிகமாகப் புரதம் தென்படும். அல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் (தசைகளிலிருந்து வரும் கழிவுப்பொருள்) உள்ள விகிதத்தைக் காலைச் சிறுநீரில் மறுபடியும் பார்த்துவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள்.