மனவடு பற்றிய ஊர்க்கூட்டங்களுக்குப் போனவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

அரியாலையான்

போரும் பேரிடரும் மனதில் விட்ட காயத்தை, அதாவது மனவடுவைப் பற்றிப் பேச ஊரவர்களைக் கூட்டும் இந்தக் கூட்டங்கள் எப்படி நடக்கும் என்பதை இங்கு விளக்கத் தேவையில்லை. சனசமூக நிலையத்தில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள், ஒரு கொப்பியில் கையெழுத்து வாங்கினார்கள், முடிவில் பிளேன்டீ தந்தார்கள். கூட்டத்தை நடத்த வளவாளராக வந்த இளம்பெண் மூச்சுப் பயிற்சிக்காக எல்லோரையும் கண்களை மூடச் சொன்னார். முன்வரிசையில் இருந்த, எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் எழுந்து, தம் கதிரையைத் திருப்பி வாசல் படலையைப் பார்த்தபடி போட்டுக்கொண்டு, “எல்லாரும் கண்ணை மூடினால் படலையை ஆர் பாக்கிறது, பிள்ளை?” என்று கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. மூடியிருந்த கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அதன் பிறகு அன்று யாரும் கண்களை மூடவில்லை. ஆறு மாதமாகியும் அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை.

கொக்குவில் ஆசிரியை

எங்கள் ஊரில் கண்களை மூடச் சொல்லவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போரால் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்த பாதையை மண்டபத் தரையில் வெண்கட்டியால் வரையச் சொன்னார்கள். பல ஒழுங்கைகளில் தொடங்கிய கோடுகள் நாவற்குழிப் பாலத்தில் வந்து முட்டியபோது, அதுவரை வாய் திறக்காதவர்களெல்லாம் மழையைப் பற்றியும், குடையைக் கவிழ்த்துப் பிடித்துத் தண்ணீர் ஏந்திக் குடித்ததைப் பற்றியும், ஓர் அடி எடுத்து வைக்க எவ்வளவு நேரம் நின்றோம் என்பதைப் பற்றியும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் மட்டும் தம் வீட்டை ஒரு சதுரமாக வரைந்துவிட்டு, வெண்கட்டியை அந்தச் சதுரத்துக்கு வெளியே எடுக்கவே இல்லை. “அப்பர் வரமாட்டன் எண்டவர்” என்று மட்டும் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் போய் அவரருகில் தரையில் அமர்ந்தார். இத்தனை வருடம் ஒரே வேலிக்கு இருபுறமும் வாழ்ந்த அவர்களுக்குள் இது தெரியாமல் இருந்ததா, தெரிந்தும் பேசாமல் இருந்தார்களா என்று இன்றும் யோசிக்கிறேன்.

ஓய்வுபெற்ற தாதி

முதலில் எழுதியவர் அந்த வளவாளரைக் குறை கூறுவது எனக்கு நியாயமாகப் படவில்லை, ஏனெனில் அந்தப் பிள்ளைக்குக் கற்பித்ததைத்தான் அது செய்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு வடமராட்சி கிழக்கில் ஒரு முகாமில், ஒரே நாளில் நான்காவது குழுவுக்குத் தம் கதையைச் சொன்ன கடற்றொழிலாளி ஒருவர், பள்ளிப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போல அதை ஒப்பித்ததை நான் பார்த்தேன்.

ஆகவே கூட்டம் நடத்துபவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் சொல்ல வைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. 2011இல் வெளிவந்த அதன் உளவியல் முதலுதவிக் கைநூல் பார்த்தல், கேட்டல், இணைத்தல் என்ற மூன்றையே சொல்கிறது, அதில் கேட்டல் என்பது துருவிக் கேட்பதன்று. “விரும்பினால் மூடுங்கள், இல்லாவிட்டால் தரையில் ஓர் இடத்தைப் பாருங்கள்” என்று சொல்லலாம். வாசல் தெரியும்படி கதிரைகளைப் போட வேண்டும், எழுந்து போகிறவருடன் கூடப் போக ஒருவர் இருக்க வேண்டும், வைத்தியசாலையில் உளநலக் கிளினிக் எந்த நாளில் நடக்கிறது என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்திருக்க வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய் “மகன் இருக்கிறான்” என்று பேசினால் நாமும் அப்படியே பேச வேண்டும். “எப்படிப்பட்டவராக இருந்தார்” என்று இறந்தகாலத்தில் கேட்டுவிட்டு மன்னிப்புக் கேட்பதில் பயனில்லை. மனவடு தனி ஒருவருக்கு மட்டுமன்றி ஒரு சமூகம் முழுவதற்குமே ஏற்படுவது என்று உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக எழுதி வந்திருக்கிறார். ஆசிரியை சொன்ன வெண்கட்டி முறையும் நல்லதுதான், ஆனால் அந்த மனிதரை அன்று மாலை யாராவது வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்களா என்பதை அவர் எழுதவில்லை.

கொக்குவில் ஆசிரியை

பார்த்தார்கள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான் போனார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

அரியாலையான்

தாதி அம்மா, நான் அந்தப் பிள்ளையைக் குறை கூறவில்லை. அன்று படலைக்கு மிக அருகில் இருந்தவன் நான். “நான் பாக்கிறன் அம்மா, நீங்கள் மூடுங்கோ” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.