மறுமொழி: உருளைக்குப் பின்னால் உதிரும் சுழிகளுக்கு ஒரு சொல்

அன்பர்களே, வணக்கம்.

பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓட்டத்தின் குறுக்கே நிற்கும் உருளைக்குப் பின்னால் சுழிகள் தோன்றித் தோன்றிப் பிரிந்து போகின்றனவே (vortex shedding), அவற்றுக்குத் தமிழில் என்ன சொல் என்ற கேள்வியில் நாம் இன்னும் ‘சுழி’யா ‘சுழல்’ஆ என்பதிலேயே நிற்கிறோம். சூழ், சுழி, சுழல் மூன்றும் ஒரே வேர் என்று ஐயா எழுதிய நீண்ட மடலை இரண்டு முறை படித்தேன். வேர் ஒன்றே என்றால் எதை எடுத்தாலும் பிழையில்லை. நான் சுழியை எடுக்கிறேன். அடுத்த பாடத்திலேயே ‘சுழலும் உருளை’ வருகிறது; இங்கே உருளை அசையாமல் நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் மாணவர் திணறுவார்.

> வளிச்சுழி என்போம். ‘நிலம் தீ நீர் வளி’ என்று தொல்காப்பியமே சொல்கிறது.

வளி அருமையான சொல். ஆனால் இதே சுழி நீரிலும் வருகிறதே! தட்டில் நீர் ஊற்றி, மரத்தூள் தூவி, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இழுத்துப் பாருங்கள். மிக மெல்ல இழுத்தால் பின்னால் இரண்டு சுழிகள் ஒட்டியே வரும். வேகத்தையும் உருளையின் விட்டத்தையும் பெருக்கிப் பாய்மத்தின் பிசுக்குமையால் வகுத்தால் வரும் ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 47ஐத் தாண்டினால் இடம், வலம், இடம் என்று மாறிமாறிக் கழன்று போகும்.

> ‘கழன்று’ என்று உங்களுக்கே வருகிறது பாருங்கள். கழல்சுழிதான் சரி.

வாய்க்கு வந்தது உண்மை. ஆனால் சங்கப் பாட்டில் தலைவியின் கையிலிருந்து கழலும் வளை அந்தக் கையில் விளைந்ததல்ல. சுழியோ உருளையை ஒட்டியே பருக்கிறது. போதிய அளவு பருத்ததும் எதிர்ப்பக்கத்து ஓட்டத்தைத் தன் பக்கம் இழுக்கிறது. அந்த ஓட்டம் குறுக்கே வந்து அதன் ஊட்டத்தை அறுக்கிறது. முற்றிய இலை உதிர்வது போலத்தான். ஆகவே உதிர்சுழி. வினைத்தொகை என்பதால் உதிர்ந்த சுழி, உதிர்கின்ற சுழி, உதிரும் சுழி மூன்றும் அதில் அடங்கும். எந்தக் கணத்தில் படம் எடுத்தாலும் உருளைக்குப் பின்னால் இருப்பவை இந்த மூன்றும்தான்! இதைவிடப் பொருத்தமான இலக்கணம் எங்கே கிடைக்கும்?

இன்னொரு ஆதாயம், சுழிகள் உதிரும் வேகத்துக்கு அதிர்வெண் போல ‘உதிர்வெண்’. 1 செ.மீ. விட்டமுள்ள கம்பியில் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், ஸ்ட்ரூகல் எண் (உதிர்வெண் × விட்டம் ÷ வேகம்) 0.2 என்று கொண்டு, உதிர்வெண் நொடிக்கு 100. கம்பி ரீங்காரமிடுவது இதனால்தான். மாணவர் ஒருமுறை கேட்டால் மறக்க மாட்டார்.

மிச்சம் இருப்பது ‘கார்மான் தெரு’ (Kármán vortex street), அதாவது உதிர்ந்த சுழிகள் உருளைக்குப் பின்னால் அமைக்கும் இரட்டை வரிசை. 1908இல் பெனார் காட்டிய வரிசையின் நிலைப்பை 1911இல் கார்மான் கணக்கிட்டார். இரு வரிசையிலும் சுழிகள் நேருக்கு நேர் நில்லா. ஒன்றின் இடைவெளிக்கு எதிரே மற்றது. தெரு என்றால் இது தெரியாது, ‘சுழிநிரை’ என்றேன். கணிதத்தின் அணிக்கோவையில் (determinant) நிரை என்பது ஒற்றை வரிசை என்று அம்மையார் மறுத்தார். அந்த மறுப்புக்கு என்னிடம் முழு விடை இல்லை. ‘இணைநிரை’ நீளம், ‘சாரை’ பாம்பை நினைவூட்டும்.

சரி, உதிர்சுழிக்கு ஐவர், கழல்சுழிக்கு இருவர். நிரைக்கு நால்வர், அதுவும் சலித்துப்போய். அச்சில் ‘சுழிநிரை’ என்றே போடுகிறேன். அம்மையாரின் மறுப்பு அடிக்குறிப்பில் அவர் எழுதிய சொற்களிலேயே வரும்.