அமுக்குதாழ்: பெட்ரோல் மேல்மூடிக்கு ஒரு சொல்

அண்ணாச்சிக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் இருக்கிற, பொத்தானை அமுக்கினால் திறக்கும் மூடிக்கு (ஆங்கிலத்தில் push-button fuel door) தமிழில் என்ன சொல்லலாம் என்பதுதான் பேச்சு. அதற்கு அண்ணாச்சி முன்வைத்த ‘அழுத்துபொத்தான் எரிபொருள் கதவு’ என்பதை நேற்று திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் வாசித்துக் காட்டினேன். “பல்க்குல எந்தக் கதவச் சொல்லுதிய?” என்று கேட்டார். அவருக்கு வண்டியே நினைவுக்கு வரவில்லை.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். ஹார்லி டேவிட்சனின் நெடும்பயண வண்டிகள் சிலவற்றில் டேங்க் மேல் கீல் வைத்த சின்ன மூடி ஒன்று உண்டு. அதைத் தூக்கினால் உள்ளே இன்னொரு மூடி. பெட்ரோலை அடைத்து வைப்பது உள்ளே இருப்பதுதான்; மேலே இருப்பது அதை மறைக்கிறது, பூட்டும் அதில்தான். அந்த வண்டிகளில் இக்னிஷனைச் சாவியால் விடுவித்துவிட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டே ஓட்டலாம். ஆனால் பெட்ரோல் போட நிற்கும்போதெல்லாம் கையுறையைக் கழற்றி, சாவியைத் துழாவி எடுக்க வேண்டும். இந்த அலுப்பால்தான் பூட்டு வைத்ததைக் கழற்றிவிட்டு, பொத்தானை அமுக்கினால் திறக்கிறதை மாட்டுகிறார்கள். நம் ஊரில் ஓடும் பைக்குகளில் பெரும்பாலும் ஒரே மூடி, பூட்டும் அதிலேயே. இரண்டு சொல் நமக்குத் தேவைப்படாமல் போனதற்கு அதுதான் காரணம்.

ஆகவே மேலே இருப்பதை மேல்மூடி என்றும் உள்ளே இருப்பதை அடைமூடி என்றும் சொல்லலாம். கதவு வேண்டாம்.

அடுத்தது அந்தப் பொத்தான். அதற்கு நண்பர்களிடமிருந்து வந்த ‘பொத்தான் பூட்டு’ என்ற பரிந்துரையை நான் ஏற்கவே மாட்டேன். சாவி இல்லாமல் யார் அமுக்கினாலும் திறக்கிற ஒன்றைப் பூட்டு என்று எழுதினால், வாங்குகிறவர் பெட்ரோல் பத்திரமாக இருக்கும் என்று நம்பிவிடுவார். தமிழில் இதற்குத் தாழ் இருக்கிறது. ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ்’ என்று 71ஆம் குறளிலேயே வருகிற சொல். தாழ்ப்பாளாக இன்றும் வீட்டுக்கு வீடு புழங்குகிறது. பூட்டுக்குச் சாவி வேண்டும், தாழுக்குக் கை போதும். எனவே ‘அமுக்குதாழ்’. வினைத்தொகை என்பதால் ஊறுகாய், சுடுசோறு போல வல்லினம் மிகாது. தயவுசெய்து நடுவில் ‘த்’ போட்டுவிடாதீர்கள்.

அழுத்துதாழ் ஏன் கூடாது என்று கேட்கலாம். கூடும்தான். ஆனால் பெல்லையும் சுவிட்சையும் திருநெல்வேலியில் ‘அமுக்கு’ என்றுதான் சொல்கிறோம். பட்டறையில் நிற்கிறவர் வாயில் வர வேண்டிய சொல் இது.

பொத்தான் போர்ச்சுகீசியச் சொல், அதனால் தவிர்ப்போம் என்ற வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. சாவியும் அங்கிருந்து வந்ததுதான், அதை யாரும் தூக்கிப் போடவில்லை. கை படுகிற உறுப்பைப் பொத்தான் என்றே சொல்வோம். ‘திறப்புப் பொத்தான்’ மட்டும் வேண்டாம். ஈழத்தவர்களுக்குத் திறப்பு என்றால் சாவி, பொருள் தலைகீழாகிவிடும்.

உள்ளுறுப்புகளுக்கு எங்கள் பழைய வீட்டுக் கதவே போதும். ஸ்பிரிங் தள்ளுகிற நாக்கைத் தாழ்நாக்கு எனலாம். மூடியைச் சாத்தும்போது அந்த நாக்கு போய் மாட்டுகிற இடம் நாதாங்கி. தாழ் போய் விழுகிற இடத்துக்கு ஆச்சி சொல்லிக் கேட்டு வளர்ந்த சொல் அது. அகராதிக்குள் மட்டும் கிடந்து மறைந்துவிடக் கூடாது என்று எனக்கு ஆசை.

சரி, வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “பூட்டு மேல்மூடியைக் கழற்றிவிட்டு, அமுக்குதாழ் மேல்மூடியை மாட்டவும். சாத்தும்போது தாழ்நாக்கு நாதாங்கியில் விழும் சத்தம் கேட்க வேண்டும்.”

இதை வாசித்ததும் மெக்கானிக் தலையாட்டினார். “சத்தம் கேக்கலன்னா நாதாங்கிய லேசா நிமித்தணும், அதையும் எழுதுங்க” என்றார். சேர்த்துவிட்டேன். அடைமூடி என்பதில் மட்டும் அவருக்குத் தயக்கம், ‘உள்மூடி’ போதாதா என்கிறார். அண்ணாச்சி என்ன நினைக்கிறீர்கள்?