லேப்டாப்பில் ராம் (மெமரி) கூட்டுவதா வேண்டாமா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கரூர் கணக்கர்

ஒரு வருஷம் ஆகியும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். 2019-இல் வாங்கிய லேப்டாப், 4 ஜிபி ராம். டேலி, எக்செல், குரோம், ஜிஎஸ்டி போர்ட்டல், இவ்வளவுதான் என் பிழைப்பு. மாதம் 20-ஆம் தேதி நெருங்க நெருங்க மெஷின் படுத்துக்கொள்ளும். மவுஸை நகர்த்தினால் அம்பு யோசித்துவிட்டு வரும். கேட்டவர்கள் எல்லோரும் "ராம் போடு" என்றார்கள். போட்டேன். புதிதாக 8 ஜிபி, 1,700 ரூபாய், பழைய 4-உடன் சேர்த்து 12. வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் அதே கதை. பட்டனை அமுக்கிவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம்.

திரும்பக் கடைக்குப் போனேன். முதலாளி இல்லை. வேலை பார்க்கும் பையன், இருபது வயசுகூட இருக்காது, ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை. ஓடிக்கொண்டிருந்த லேப்டாப்பைத் தூக்கித் தன் காதில் வைத்தான். அப்புறம் என் காதில் வைத்தான். "அண்ணே, கேக்குதா?" உள்ளே யாரோ பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம். ஹார்ட் டிஸ்க். மெஷினில் எது எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினான்: மெமரி 31 சதவீதம், டிஸ்க் 100.

"முதல் நாளே தெரியும்ணே. நீங்க ராம்தான் கேட்டீங்க, முதலாளி கேட்டதைக் குடுக்கச் சொன்னார்."

ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்எஸ்டி (உள்ளே எதுவும் சுற்றாத, வேகமான டிஸ்க்) போட்ட பிறகு இருபது விநாடியில் எழுந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பையன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ராம் போட்டு ஏமாந்தவர்கள் வேறு யாராவது உண்டா?

நித்யமல்லி

நான் இருக்கிறேன். உங்களுக்காவது உள்ளே போட இடம் இருந்தது.

மொழிபெயர்ப்பு வேலை. ஒரே நேரத்தில் நாற்பது டேப், இரண்டு அகராதி, பெரிய பிடிஎஃப் என்று 8 ஜிபி திணறியது. ஆன்லைனில் ஒரு ராம் வாங்கினேன். வீடியோ பார்த்துப் பத்து ஸ்க்ரூவைக் கழற்றி, பழைய ஏடிஎம் கார்டால் ஓரத்தை நெம்பி, மூடியைத் தூக்கினேன். மகள் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். பேட்டரி இருந்தது, ஃபேன் இருந்தது. ராம் செருகும் இடத்தை மட்டும் காணோம். போர்டோடு ஒட்டிக்கொண்டு வரிசையாகச் சில கறுப்புச் சில்லுகள், அவ்வளவுதான். நான் அந்தப் பச்சைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து குனிந்து பார்க்கிறேன். "அம்மா, அத எங்க சொருகணும்?" என்று கேட்டாள் பாருங்கள்.

டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்திலேயே 'ஃபார்ம் ஃபேக்டர்: ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்திருக்கிறது. அதாவது சால்டர் செய்தது, கூட்ட முடியாது. கவரைப் பிரித்துவிட்டதால் ராமைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. அது இப்போது மேஜை டிராயரில் கிடக்கிறது.

பழைய மதர்போர்டு

என் கதை சின்னது. கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். 16-ஐ 32 ஆக்கினேன், அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது. முடிந்தது.

இப்போது கரூர் நண்பருக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கதையில் ஓட்டை இருக்கிறது. முதலில், சுற்றிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கி ஆட்டிக் காதில் வைப்பது தவறு. பையன் கெட்டிக்காரனாக இருக்கலாம், அந்தப் பழக்கம் கெட்டது.

இரண்டாவது, அவன் காட்டிய 31 சதவீதம் எதில் 31? 12 ஜிபியில். கணக்குப் பார்க்கிறவர் நீங்கள், போட்டுப் பாருங்கள்: ஏறக்குறைய 3.7 ஜிபி. கடையில் சும்மா திறந்து வைத்தபோதே அவ்வளவு. அதே மெஷின் 4 ஜிபியில் டேலியும் குரோமும் ஓட்டியபோது எங்கே போயிருக்கும்? ராம் நிரம்பினால் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் பேஜ் ஃபைலில் எழுதும். அப்போதும் டிஸ்க் 100 காட்டும். டிஸ்க் 100 என்றாலே டிஸ்க்தான் குற்றவாளி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ராம் வாங்கப்போகிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன், யாரும் கேட்காவிட்டாலும். சதவீதத்தை விடுங்கள். வழக்கமான வேலை எல்லாவற்றையும் திறந்து வைத்துக்கொண்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அமுக்குங்கள், டாஸ்க் மேனேஜர் திறக்கும். மெமரி பக்கத்தில் 'கமிட்டட்' என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் (புரோகிராம்கள் கேட்டு வாங்கியிருக்கும் மொத்த மெமரி) உங்கள் ராம் அளவைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தால் சந்தேகப்படலாம். உறுதி செய்ய ரிசோர்ஸ் மானிட்டரில் 'ஹார்ட் ஃபால்ட்ஸ்' (ராமில் இல்லாததை டிஸ்க்கிலிருந்து எடுக்கும் எண்ணிக்கை) கோட்டைப் பாருங்கள். வேலை செய்யும்போது அது இறங்காமல் துள்ளிக்கொண்டே இருந்தால் ராம் போதவில்லை. எப்போதாவது ஒரு முறை எகிறினால் விட்டுவிடுங்கள், புது புரோகிராம் திறந்தாலே எகிறும். மெமரி 70 சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று பயந்து வாங்குகிறவர்கள் நிறைய. காலியாகக் கிடக்கும் ராமால் யாருக்கும் லாபமில்லை.

அப்புறம், ராமின் தலைமுறைகளான டிடிஆர் 3, 4, 5 ஒன்றுக்கு ஒன்று பொருந்தாது. கீழே உள்ள வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும், அழுத்தினாலும் இறங்காது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப் என்றால் ஒரு பெரிய துண்டைவிட ஒரே அளவில் இரண்டு துண்டு நல்லது. திரைக்கான மெமரியும் அதே ராமிலிருந்துதான் போகிறது. லேப்டாப் சூடேறி ஃபேன் கத்திக்கொண்டு மெதுவாகிறது என்றால் அது பெரும்பாலும் தூசிப் பிரச்சினை. அதற்கு ராம் வாங்கினால் காய்ச்சலுக்குச் செருப்பு வாங்கின கதைதான்.

வடமராட்சியான்

எங்கட வாசிகசாலைக்கு யாரோ தந்த பழைய மடிக்கணினி. 8 ஜிபி போட்டுவிட்டு எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். திரையில் 8 என்று எழுதி, பக்கத்திலேயே பாவிக்கக்கூடியது 3.4 என்று போட்டிருந்தது. பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் மெல்லக் கேட்டார், "தம்பி, மிச்சத்த ஆர் எடுத்தது?"

விண்டோஸ் 32-பிட். அது 4 ஜிபிக்கு மேல் எட்டிப் பார்க்காது, அதிலும் ஒரு பகுதி மற்றச் சாதனங்களுக்குப் போய்விடும். 64-பிட் போட்ட பிறகு முழுவதும் வந்தது. ஆனால் அந்தப் பெரியவர் இன்றைக்கும் என்னைக் கண்டால் மிச்சம் கிடைத்ததா என்று விசாரிக்கிறார்.

அழிரப்பர்

மதர்போர்டு ஐயா சொன்னதில் முக்கியமான ஒன்று விட்டுப்போச்சு. சரியாக மாட்ட வேண்டும்!

மறுநாள் காலை 9 மணிக்கு வீடியோ இன்டர்வியூ. வேகமாக இருக்கட்டுமே என்று முந்தின ராத்திரி ராம் மாற்றினேன் (புத்தி). பட்டனை அமுக்கினால் திரை கறுப்பு, உள்ளேயிருந்து பீப் பீப் பீப். பழையதைத் திரும்ப மாட்டினாலும் அதே பீப். வியர்த்துவிட்டது. பக்கத்து போர்ஷன் அண்ணா லுங்கியோடு வந்தார், அக்கா மகன் பென்சில் பாக்ஸிலிருந்து ரப்பரை எடுத்து ராமின் தங்கப் பல்லை நாலு தேய் தேய்த்தார், துகளை ஊதினார். சாய்வாகச் செருகி, உள்ளே போகும்வரை தள்ளி, கீழே அழுத்தினார். இரண்டு பக்கக் கொக்கியும் 'டக்' என்றது. நான் மாட்டியபோது அந்த டக் வரவே இல்லை, உடைந்துவிடுமோ என்று பயந்து பாதியில் விட்டிருக்கிறேன்.

ரப்பரால் சரியானதா, அழுத்தியதால் சரியானதா தெரியாது. அந்த ரப்பர் என்னிடம்தான் இருக்கிறது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் தொட வேண்டும், அதையும் அண்ணாதான் திட்டிச் சொன்னார்.

கரூர் கணக்கர்

மதர்போர்டு ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் கடுப்பாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்த 8-ஐக் கழற்றிவிட்டு, எஸ்எஸ்டியோடு வெறும் 4-இல் ஓட்டிப் பார்த்தேன்.

சும்மா இருந்தபோது நன்றாகத்தான் இருந்தது. டேலியும் எக்செல்லும் திறந்து, போர்ட்டலில் பாதி நிரப்பிவிட்டு, ஒரு பில் தேட வேறு டேபுக்குப் போய் வந்தேன். போர்ட்டல் பக்கம் வெள்ளையாகி, மறுபடி லோட் ஆகி, நிரப்பியதெல்லாம் காலி. மெமரி 93 சதவீதம், கமிட்டட் 6.8 ஜிபி. ராம் போடுவதற்கு முன்னால் இப்படி எத்தனை முறை நடந்திருக்கிறது! சர்வர் சரியில்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

8-ஐத் திரும்ப மாட்டிவிட்டேன். சரி, 1,700 வீண் இல்லை. ஆனாலும் "முதல் நாளே தெரியும்ணே" என்றானே, அதற்கு என்ன சொல்வது? அன்றைக்கே இரண்டும் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு நடை மிச்சம்.

பழைய மதர்போர்டு

காதில் வைத்துப் பார்க்காதீர்கள் என்று மட்டும் அவனிடம் சொல்லுங்கள்.

நித்யமல்லி

என் டிராயரில் கிடப்பது டிடிஆர் 4, 16 ஜிபி, செருகாதது. ஏஐ கம்பெனிகள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் விலை ஏறிவிட்டது என்கிறார்களே, நிஜமா? நேற்று ஒரு கடையில் விசாரித்தேன், நான் கொடுத்ததைவிட அதிகமாகச் சொல்கிறார்கள். மகள் விற்கக் கூடாது என்கிறாள், அவளுக்கு அது ஞாபகார்த்தமாம்.