கணக்கும் தோற்றமும் ஒரே கோப்பில் கிடந்த காலம்: வார்ப்புருக்களுக்கு மாறிய அனுபவங்கள்

உறுப்பினர், திருநெல்வேலி (யாழ்ப்பாணம்)

2014 ஆம் ஆண்டு நான் வேலைக்குச் சேர்ந்த சிறிய நிறுவனத்தில் முதலில் என் கைக்கு வந்தது, யாழ்ப்பாணத்திற்கும் கொழும்புக்கும் இடையே இரவில் ஓடும் சொகுசு பஸ்களுக்கு ஆசனம் பதிவுசெய்யும் இணையத்தளம். ஆசனப் பக்கம் முழுவதும் பி.எச்.பி. என்ற நிரல்மொழியில் எழுதிய ஒரே கோப்பு, ஏறத்தாழ 2,800 வரிகள். தரவுத்தளத்தில் இருந்து ஆசனங்களை எடுக்கும் வினவல், அதன் கீழேயே அட்டவணையின் தொடக்கம், அதற்குள் ஒவ்வோர் ஆசனத்துக்கும் அதே வரிகளைத் திரும்பச் செய்யும் ஒரு வளையம், வளையத்திற்குள் கட்டணத்தைத் தீர்மானிக்கும் நான்கு நிபந்தனைகள், அவற்றுக்கு நடுவே சிவப்பு, பச்சை நிறங்கள் என எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. இதற்குப் பி.எச்.பி.யைக் குறைகூற முடியாது. 1995 இல் ராஸ்மஸ் லெர்டோர்ஃப் அதை வெளியிட்டபோது, சொந்த வலைப்பக்கங்களுக்கான சிறு கருவிகளாகவே அது இருந்தது. அளவு பெருத்த பிறகும் அதே பழக்கத்தில் எழுதிக்கொண்டு போனவர்கள் நாங்கள்தான்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களுக்கும் கட்டணத்தை 1,300 ரூபாயில் இருந்து 1,500 ரூபாயாக உயர்த்துமாறு பஸ் முதலாளி கேட்டிருந்தார். ஆசனப் பக்கத்திலும் குறுஞ்செய்தியிலும் மாற்றினேன். அச்சிடும் பயணச்சீட்டு மூன்றாவது கோப்பொன்றில் அதே கணக்கைத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. மறுநாள் மாலை நான் வேறு அலுவலாகப் பஸ் நிலையத்தில் நின்றபோது, வயதான ஐயா ஒருவர் தாளை நீட்டியபடி நடத்துநரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: “தம்பி, உங்கடை ரிக்கற்றிலை ஆயிரத்து முந்நூறு எண்டு கிடக்கு. பிறகேன் ஆயிரத்தைந்நூறு கேக்கிறியள்?” நடத்துநரிடம் பதில் இல்லை. அந்தப் பதில் என்னிடம் அல்லவா இருந்திருக்க வேண்டும்! 200 ரூபாயை நான் கொடுத்து முடித்தேன். ஆனால் அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதற்குப் பிறகுதான் ஸ்மார்ட்டி என்ற கருவியின் வார்ப்புருக்களுக்கு, அதாவது தோற்றத்தை மட்டும் எழுதி, தரவு வரவேண்டிய இடங்களை வெற்றிடமாக விட்டுவைக்கும் கோப்புகளுக்கு, மாறினோம். கட்டணத்தை ஒரேயொரு செயற்கூறு (ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டு) கணக்கிடும். ஆசனப் பக்கம், குறுஞ்செய்தி, பயணச்சீட்டு ஆகிய மூன்றுக்கும் மூன்று வார்ப்புருக்கள். மூன்றும் அதே எண்ணைப் பெற்றுத் தத்தமது இடத்தில் வைக்குமே தவிர, கூட்டவோ கழிக்கவோ மாட்டா. அடுத்த ஆண்டுத் திருவிழாவின்போது நான் மாற்றியது ஒரே ஒரு வரி.

ஆனால் இதைவிட எனக்கு அதிகம் கற்றுத்தந்தது அதன் பின்னர் எதிர்ப்பக்கமாகச் செய்த பிழை. வார்ப்புருவில் எதுவுமே இருக்கக்கூடாது என்ற உற்சாகத்தில், திரையில் வரும் வசனங்களையும் நிரலுக்குள்ளேயே கட்டத் தொடங்கினேன். ஆங்கிலப் பக்கத்தில் ஊர்ப்பெயருக்கு முன்னால் ஒரு சொல்லை வைத்தால் வசனம் அமைந்துவிடும். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டி வருவதால், முதல் நாளே “யாழ்ப்பாணம்இல் இருந்து” என்று திரையில் வந்தது. யாழ்ப்பாணத்தில், வவுனியாவில், கொழும்பில் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் திரிவதைச் சமாளிக்க ஒரு செயற்கூறு எழுதி, ஊர்ப்பெயர் தடித்த எழுத்தில் தெரியட்டும் என்று அதற்குரிய எச்.டி.எம்.எல். குறிகளையும் (உலாவிக்குத் தோற்றத்தைச் சொல்பவை) அதற்குள்ளேயே போட்டுவிட்டேன். பக்கம் அழகாக இருந்தது. குறுஞ்செய்தி பெற்றவர்களின் கைத்தொலைபேசியிலோ, ஊர்ப்பெயருக்கு இரு புறமும் அந்தக் குறிகள் அப்படியே எழுத்துக்களாக வந்து நின்றன.

வார்ப்புருக் கருவிகள் பற்றி டெரன்ஸ் பார் என்ற கணினி அறிவியலாளர் 2004 இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையை அந்த வாரத்தில்தான் வாசித்தேன். தோற்றத்தையும் தருக்கத்தையும் (கணக்கிட்டுத் தீர்மானிக்கும் பகுதியை) கண்டிப்பாகப் பிரிப்பதற்கு அவர் வகுத்த ஐந்து விதிகளில் நான்கு, வார்ப்புரு எதைச் செய்யக்கூடாது என்பவை: தரவை மாற்றக்கூடாது, அதைக்கொண்டு கணக்கிடக்கூடாது, ஒப்பிடக்கூடாது, அதன் வகையை ஊகிக்கக்கூடாது. ஐந்தாவது விதி மறுபக்கத்துக்கானது: தருக்கத்தில் இருந்து வரும் தரவு தோற்றம் பற்றிய எதையும் சுமந்துவரக்கூடாது. நான் மீறியது அதைத்தான். நாங்கள் கண்ட தீர்வு மிக எளியது. உருபு சேர்க்கும் செயற்கூற்றை அழித்துவிட்டு, தமிழ் வார்ப்புருவில் “புறப்படும் இடம்: யாழ்ப்பாணம்” என்று எழுதினோம். அதன் பின்னர், ஒரு முடிவை எங்கே வைப்பது என்ற ஐயம் வரும்போதெல்லாம், அது குறுஞ்செய்தியிலும் அச்சுத் தாளிலும் மாறாமல் இருக்க வேண்டியதா என்று என்னையே கேட்கிறேன். ஆம் என்றால் அதன் இடம் நிரல்; இல்லையென்றால் வார்ப்புரு.

உறுப்பினர், கோப்பாய்

எங்கள் ஊர் வாசிகசாலையின் நூற்பட்டியலை நானும் ஒரு தோழியும் ஜாங்கோ என்ற இணையத்தளக் கட்டமைப்பில் செய்து கொடுத்தோம். ஜாங்கோவின் வார்ப்புரு மொழி வேண்டுமென்றே இறுக்கமாக அமைக்கப்பட்டது. செயற்கூற்றை அழைக்கலாம், ஆனால் அதற்கு உள்ளீடு கொடுக்க முடியாது. எனவே தருக்கம் வார்ப்புருவுக்குள் நுழைய வழியே இல்லை என்று நம்பியிருந்தோம். 640 நூல்களையும் ஒரே பக்கத்தில் காட்டியபோது, வாசிகசாலையில் இருந்த பழைய கணினியில் பக்கம் திறப்பதற்குள் நூலகப் பொறுப்பாளர் அக்கா எழுந்து போய்ப் பத்திரிகைகளை அடுக்கிவிட்டு வந்துவிடுவார்.

வார்ப்புருவில் இருந்ததோ வளையமொன்றும், நூலின் பெயரும், புள்ளியிட்டு (‘நூல்.ஆசிரியர்’ என்பதுபோல்) எழுதிய ஆசிரியர் பெயரும் மட்டுமே. அந்தப் புள்ளிதான் காரணம். ஆசிரியரின் விவரம் முன்கூட்டியே எடுக்கப்படாததால், ஒவ்வொரு நூலுக்கும் வார்ப்புருவே ஒரு தடவை தரவுத்தளத்திடம் போய் வந்தது: பட்டியலுக்கு ஒரு வினவல், ஆசிரியர்களுக்கு 640 வினவல்கள். பட்டியலை எடுக்கும் இடத்தில் தொடர்புடைய விவரத்தையும் சேர்த்தே எடுக்கச் சொல்லும் செலக்ட் ரிலேட்டட் என்ற கட்டளையைச் சேர்த்ததும் எல்லாம் ஒரே வினவலாகச் சுருங்கியது. வார்ப்புருவில் ஓர் எழுத்தைக்கூட நாங்கள் மாற்றவில்லை. கோப்புகளைப் பிரித்துவிட்டதாலேயே வேலை பிரிந்துவிட்டது என்று எண்ணியிருந்த எங்களுக்கு, வார்ப்புருவுக்குப் போகும் தரவு முழுமையாகப் போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும் என்பது அன்றுதான் உறைத்தது.

உறுப்பினர், சுன்னாகம்

திருநெல்வேலி அண்ணா குறிப்பிட்ட விதிகளில், ஒப்பிடக்கூடாது என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. நாங்கள் ஒரு திருமண மண்டபத்துக்கான பதிவுத் தளத்தில், மாதத்தில் பதிவாகாத நாள்கள் மூன்றுக்குக் குறைவாக மீதமிருந்தால் அந்த மாதத்தைச் சிவப்பில் காட்டினோம். விதிப்படி, “குறைவு” என்ற உண்மை அல்லது பொய் மதிப்பொன்றை நிரலில் இருந்து அனுப்பினோம். வடிவமைப்பைப் பார்க்கும் தங்கை கைத்தொலைபேசித் திரைக்கு அது ஐந்தாக இருக்கட்டும் என்றார். பிறகு வைகாசி மாதத்துக்கு மட்டும் ஏழு என்றார். ஒவ்வொரு தடவையும் நான் நிரலைத் திறந்து, சோதித்து, சேவையகத்தில் ஏற்ற வேண்டியிருந்தது.

மீதமுள்ள நாள்கள் எத்தனை என்பது மண்டபத்தின் கணக்கு. அதில் கைவைக்க வார்ப்புருவுக்கு உரிமையில்லை. எத்தனை நாளில் சிவப்பாக வேண்டும் என்பது கண்ணுக்குரிய விடயம். இப்போது அந்த எண் டுவிக் என்ற கருவிக்கு எழுதிய வார்ப்புருவின் மேல்வரியில் இருக்கிறது, தங்கையே அதை மாற்றிக்கொள்கிறார். போன ஆவணியில் அவர் அதை நான்கு தடவை மாற்றியதைக் கோப்பின் வரலாற்றைப் பார்த்துத்தான் நான் அறிந்தேன்.